கதிர்நோய்க்கு முன்காப்பு மருந்து

ஒரு வாய்க் காப்பியின் சூடு நம் உடம்பை என்ன செய்துவிடும்? நாவுக்கு இதமாக இருக்கும். அடுத்த வாய்க்கு மனம் அவாவும். அவ்வளவுதான். அதே அளவு ஆற்றல் எக்ஸ் கதிர்களாகவோ காமாக் கதிர்களாகவோ உருக்கொண்டு ஒரு மனிதனின் உடல் முழுவதையும் சில நிமிடங்களில் ஊடுருவிச் செல்லுமாயின், அவன் உயிர் பிழைப்பது ஐயத்துக்கிடமாகிவிடும். உடம்பின் வெப்பநிலை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே உயர்ந்திருக்கும். கதிர் பட்டவனுக்கு அந்தக் கணத்தில் வலியும் தெரியாது. ஆனால் சில மணி நேரத்தில் குமட்டலும் வாந்தியும் தொடங்கும். பிறகு இரண்டொரு வாரம், நோய் விலகிவிட்டது போன்ற ஒரு போலி அமைதி. அதன் பின்னர்த்தான் உண்மை வெளிப்படும். குருதியில் வெள்ளணுக்கள் குறையும், ஈறுகளில் இரத்தம் கசியும், முடி உதிரும், சிறு காய்ச்சலையும் எதிர்க்க வலுவின்றி உடல் தளரும். உடல் முழுவதும் ஒரே சமயத்தில் 4 முதல் 5 கிரே அளவுள்ள கதிர்வீச்சைப் பெற்றவர்களுள், சிகிச்சை இல்லையேல், ஏறத்தாழப் பாதிப் பேர் இரண்டு மாதங்களுக்குள் இறந்துபடுவர் என்பது மருத்துவர் கணக்கு.

இத்தகைய நோய்க்கு, அது வருமுன்னரே உட்கொள்ளத்தக்க மருந்து உண்டா என்று மனிதர் தேடிய வரலாறே இன்று நாம் சொல்ல எடுத்துக்கொண்ட பொருள். இத்தேடலை ஆங்கிலத்தில் குறிக்கும் சொற்களைத் தமிழாக்கும்போது 'காப்பு மருந்து' என்றே எழுத நேரிடுகிறது. நாள்தோறும் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் சிறிது அச்சத்தைத் தருகிறது. காப்பு என்றால் நம்மவர் மனத்தில் குழந்தையின் கைக்காப்பும், திருவிழாவில் கட்டும் காப்பும், நூலின் முகப்பில் பாடப்பெறும் காப்புச் செய்யுளும் தோன்றும். கட்டிக்கொண்டால் தீங்கு அண்டாது என்பது அச்சொல்லோடு கூடப் பிறந்த நம்பிக்கை. 2011-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜப்பானில் புகுஷிமா அணுமின் நிலையம் சீர்குலைந்த செய்தி பரவியதும், சீன நகரங்களில் மக்கள் கடைகடையாகச் சென்று அயோடின் கலந்த உப்பை மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். அந்த உப்பிலுள்ள அயோடின், காப்புக்கு வேண்டிய அளவில் மிக மிகச் சிறு பங்கு. அது கிடைக்குமளவும் உப்பைத் தின்பவன் உப்பினாலேயே மாண்டுபோவான். ஆதலின், எந்த மருந்து எதனைக் காக்கும், எதனைக் காக்காது என்று பிரித்தறிவது ஏட்டுப் படிப்பன்று.

வரலாற்றின் தொடக்கம் 1895-ஆம் ஆண்டு. அவ்வாண்டு நவம்பரில் ஜெர்மனியிலுள்ள வூர்ஸ்பர்க் நகரில் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டார். அடுத்த ஆண்டில் பெக்கரல் யுரேனியத்தின் இயற்கைக் கதிரியக்கத்தைக் கண்டார். புதுமையின் மயக்கத்தில் எவரும் தீங்கைப் பற்றிச் சிந்திக்கவில்லை. அமெரிக்காவில் எடிசனின் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலி, எக்ஸ் கதிர்க் குழாய்களைச் சோதிக்கத் தம் கைகளையே அவற்றின் முன் நீட்டிப் பழகினார். கைகள் புண்ணாயின, வெட்டி எடுக்கப்பட்டன, 1904-இல் அவர் உயிர் நீத்தார். எடிசன் அதன் பின் அந்த ஆராய்ச்சியையே கைவிட்டார். பெக்கரலோ, சிறு ரேடியக் குப்பி ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருந்து, அந்த இடத்துத் தோல் புண்பட்டதைக் கண்டார். பியேர் கியூரியோ, வேண்டுமென்றே தம் கையில் ரேடியத்தை வைத்துப் புண்ணை உண்டாக்கிக்கொண்டு, அது ஆறும் முறையைக் குறித்து வைத்தார்! அக்கால அறிஞர்களின் துணிவை வியப்பதா, இரங்குவதா என்று நமக்குத் தெரியவில்லை. மேரி கியூரி 1934-இல் எலும்பு மஜ்ஜை வற்றிய நோயால் காலமானார்.

அந்நாளில் இருந்த காப்பு மூன்றே: ஈயத் தகடு, தூரம், குறைந்த நேரம். 1928-இல் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய உலக மருத்துவ அறிஞர்கள் பாதுகாப்புக்கென ஒரு குழுவை அமைத்தபோதும் பேச்சு ஈயத்தைப் பற்றியதாகவே இருந்தது. மருந்தைப் பற்றி நினைக்க வேண்டிய தேவையை உண்டாக்கியது யுத்தம்.

1945 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஹிரோஷிமாவிலும், 9-ஆம் நாள் நாகசாகியிலும் அணுகுண்டுகள் வீழ்ந்தன. இடிபாட்டிலும் தீயிலும் தப்பி, காயமின்றி நடமாடியவர்கள் சில வாரங்களில் முடி கொட்டி, தோலில் செம்புள்ளிகள் தோன்றி மடியத் தொடங்கியபோது ஜப்பானிய மருத்துவர் திகைத்தனர். அவர்களுள் மசாவோ த்சுசுகி என்னும் அறுவை மருத்துவர் ஒருவருக்கு மட்டும் அது முற்றிலும் புதிதன்று. இருபது ஆண்டுகளுக்கு முன்னரே அவர் முயல்களின் மீது கடும் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி ஆராய்ந்து, முடிவுகளை அமெரிக்காவிலேயே வெளியிட்டிருந்தார். முயல்களிடம் கண்டதை இப்போது மனிதரிடம் கண்டார். குண்டைச் செய்தவர்களும் தப்பவில்லை. 1946 மே 21-இல் லாஸ் அலமாஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் லூயி ஸ்லோட்டின் என்னும் இளம் விஞ்ஞானியின் கையிலிருந்த திருப்புளி நழுவி, புளூட்டோனியக் கோளத்தைச் சுற்றிய இரு கிண்ணங்களும் மூடிக்கொண்டன. கண நேரத்தில் அவர் அவற்றைப் பிரித்தெறிந்து உடனிருந்தோரைக் காத்தார். ஒன்பதாம் நாள் இறந்தார். மருத்துவர்கள் அருகிருந்து நோயின் ஒவ்வொரு படியையும் எழுதி வைத்தார்கள். கொடுப்பதற்கு மருந்து இல்லை.

இங்கே சற்று நின்று, கதிர் உடம்பில் செய்யும் வேலையைத் தெரிந்துகொள்வோம். உயிரணுவில் பெரும்பகுதி நீர். கதிர் பாயும்போது நீர் மூலக்கூறு பிளவுபட்டு, துணையின்றித் தவிக்கும் துணுக்குகள் உண்டாகின்றன. 'ஃப்ரீ ராடிக்கல்' என்று இவற்றைச் சொல்வர். நொடியின் கோடியில் ஒரு பங்கினும் குறைந்த ஆயுள் உடையவை இவை. அந்த அற்ப ஆயுளுக்குள், பக்கத்திலிருக்கும் எதையேனும் பற்றி அதிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அணுவைப் பறித்துக்கொண்டு அடங்குகின்றன. பறிகொடுத்தது உயிரின் மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. இழையாயின் அணு அழியும், அல்லது கெட்ட வடிவில் பெருகும். அப்படியானால், டி.என்.ஏ.வுக்கு முன்பாகத் தன்னைப் பறிகொடுக்க ஆயத்தமாக நிற்கும் வேறொரு பொருளை உயிரணுவுக்குள் நிறுத்தி வைத்தால் என்ன? திருடன் வரும் வழியில் பணப்பெட்டிக்கு முன்பாக ஒரு சில்லறைப் பையைத் தொங்க விடுவது போன்ற யுக்தி இது. பை திருடன் வருமுன்னரே தொங்க வேண்டும். போன பிறகு தொங்கவிட்டுப் பயனில்லை.

இந்த யுக்தியின் வித்து இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் விதைக்கப்பட்டது. 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வால்டர் டேல் என்பவர், நீரில் கரைந்த நொதிகள் எக்ஸ் கதிரால் செயலிழப்பதையும், அக்கரைசலில் வேறு சில பொருள்களைச் சேர்த்தால் நொதி தப்பிவிடுவதையும் கண்டார். ஆனால் சோதனைக் குழாய் வேறு, உயிருள்ள உடல் வேறு. குழாயிலிருந்து உடலுக்குப் பாலம் போட்டவர் அமெரிக்காவில் சிக்காகோவை அடுத்த ஆர்கான் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ஹார்வி பாட். கந்தகம் செறிந்த நொதிகளே கதிரால் எளிதில் கெடுகின்றன என்று முன்னரே பேசப்பட்டது. ஆகவே பாட்டும் அவர் துணைவரும் கந்தகம் உடைய சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தைத் தேர்ந்தனர். அது அரிய சரக்கன்று. நம் தலைமயிரிலும் நகத்திலும் நிரம்ப இருக்கும் பொருளோடு நெருங்கிய உறவுடையது. மயிர் கருகும்போது எழும் நாற்றம் அந்தக் கந்தகத்தின் நாற்றமே. எலிகளுக்கு இதனை ஊசி வழியே செலுத்தி, உடனே உயிர்க்கொல்லி அளவில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினார்கள். மருந்து பெறாத எலிகளுள் பெரும்பாலானவை இறந்தன; பெற்றவற்றுள் பெரும்பாலானவை பிழைத்தன. கதிர் பாய்ந்த பிறகு அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது ஒரு பயனும் விளையவில்லை. 1949-இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த அச்சிறு கட்டுரையே கதிர்நோய் முன்காப்பு மருந்தின் பிறப்புச் சீட்டு எனலாம்.

அதே ஆண்டில், அதே சிக்காகோவில், லியான் ஜேக்கப்சன் வேறொரு வழியைத் திறந்தார். சுண்டெலியின் மண்ணீரலை மட்டும் ஈயத்தால் மறைத்து உடம்பின் மற்ற பகுதி முழுவதும் கதிர் பட வைத்தார். எலி பிழைத்தது! மண்ணீரலிலிருந்து ஏதோ ஒரு சாறு ஊறி உடலைக் காக்கிறது என்றே அவர் முதலில் எண்ணினார். சாறன்று, உயிருள்ள குருதி மூல அணுக்களே சென்று குடியேறிப் பெருகுகின்றன என்பது 1956-ஐ ஒட்டி ஐயமற நிறுவப்பட்டது. எலும்பு மஜ்ஜையை மாற்றிப் பொருத்தும் இன்றைய சிகிச்சை அந்தப் பிழையான கருத்திலிருந்து கிளைத்ததே. 1958 அக்டோபரில் யுகோஸ்லாவியாவின் வின்சா அணு உலையில் ஆறு இளைஞர்கள் கடுங்கதிருக்கு ஆளாயினர். அவர்களைப் பாரிசுக்குக் கொண்டுசென்றனர். மருத்துவர் ஜார்ஜ் மாதே ஐவருக்கு அந்நியரின் மஜ்ஜையைச் செலுத்தினார். முன்பின் அறியாத வெளிநாட்டவருக்காகப் பிரெஞ்சு மக்கள் சிலர் தம் எலும்பைத் துளைக்க உடன்பட்டார்கள் என்பதை நாம் சொல்லாமல் விட இயலவில்லை. ஆறு பேரில் ஒருவர் இறந்தார்; ஐவர் ஊர் திரும்பினர். மஜ்ஜைதான் அவர்களைக் காத்ததா, தாமாகவே தேறினரா என்று பின்னர் அறிஞர்கள் வாதிட்டது வேறு கதை.

மருந்தின் வழிக்குத் திரும்புவோம். பெல்ஜியத்தில் லியேஜ் நகரப் பல்கலைக்கழகத்தில் செனோன் பாக் என்னும் மருந்தியல் பேராசிரியர் இருந்தார். அவரும் அவர் துணைவரும் செய்த தொடக்கச் சோதனைகளில் ஒன்று கேட்போரைத் திடுக்கிட வைப்பது. கதிருக்கு முன்பாகச் சுண்டெலிகளுக்குச் சயனைடு நஞ்சை, கொல்லாத அளவில் பார்த்துக் கொடுத்தனர். எலிகள் கதிரிலிருந்து தப்பின! பிராணவாயுவை உடல் பயன்படுத்துவது சற்றுத் தடைப்பட்டால் கதிரின் கொடுமையும் தணிகிறது என்பது மெல்ல விளங்கிற்று. உயிரணுவில் பிராணவாயு மிகுந்திருக்கும்போது கதிர் மிகுந்து தாக்கும் என்பதை இங்கிலாந்தில் கிரே என்பார் 1953-இல் தெளிவாக்கினார். கதிரை அளக்கும் அலகுக்கு இன்று வழங்குவது அவர் பெயரே. பாக் 1951-இல் சிஸ்டீனிலிருந்து ஒரு பகுதியை நீக்கிக் கிடைக்கும் சிஸ்டமைன் என்ற பொருளைச் சோதித்தார். சிஸ்டீனில் வேண்டிய அளவில் சிறு பங்கே இதற்குப் போதுமானதாக இருந்தது. ஐரோப்பாவெங்கும் நம்பிக்கை துளிர்த்தது.

ஆனால் துளிர்த்தது தழைக்கவில்லை. காக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே இருந்த வெளி மிகக் குறுகியது. சுண்டெலி வாந்தி எடுக்கும் இயல்பில்லாத பிராணி. ஆகவே அது தன் துன்பத்தை ஆராய்ச்சியாளருக்குச் சொல்லவில்லை. மனிதனுக்குக் கொடுத்தபோது குமட்டலும், தலைச்சுற்றலும், இரத்த அழுத்த வீழ்ச்சியும் கண்டன. கதிர்நோயின் முதல் அறிகுறி வாந்தி. காப்பு மருந்தின் முதல் அறிகுறியும் வாந்தி! மேலும் அதன் காப்பு சில மணி நேரமே நிற்கும். எந்த மணியில் குண்டு விழும் என்று முன்கூட்டி அறிந்தவர் யார்?

இந்தக் கேள்விக்கு ராணுவத்தாரிடம் ஒரு விடை இருந்தது. குண்டு விழுந்த இடத்தினூடே எப்போது படையை நடத்துவது என்பதைத் தீர்மானிப்பவர் தளபதி. ஆகவே சிப்பாய்க்கு முன்னதாக மருந்து கொடுக்க இயலும். அந்த எண்ணத்தோடு அமெரிக்கத் தரைப்படை 1959-இல், அந்நாளில் வாஷிங்டனில் இருந்த வால்டர் ரீட் ராணுவ ஆராய்ச்சி நிலையத்தில் பெருமுயற்சி ஒன்றைத் தொடங்கிற்று. 1973 வரையில் 4,000-க்கு மேற்பட்ட இரசாயனப் பொருள்கள் ஒவ்வொன்றாக ஆக்கப்பட்டு எலிகளிடம் சோதிக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் அந்நிலையத்தின் பெயரெழுத்தும் ஒரு வரிசை எண்ணும் உண்டு. அவற்றுள் தலைசிறந்து நின்றது டபிள்யூ. ஆர். 2721. பாட் கண்ட அதே கந்தகந்தான் இதிலும் வேலை செய்வது. ஆனால் அதன் தலைமேல் பாஸ்பேட் என்னும் குல்லாய் ஒன்றைக் கவிழ்த்திருந்தார்கள். குல்லாய் இருக்குமளவும் பொருள் சாதுவாக இருக்கும். உயிரணுக்களின் மேற்பரப்பிலுள்ள ஒரு நொதி அக்குல்லாயைக் கழற்றியதும் உள்ளே புகுந்து தொழிலைத் தொடங்கும். எலியைக் கொல்ல வேண்டிய கதிரின் அளவை இம்மருந்து இரண்டரை மடங்குக்கு மேல் உயர்த்திற்று.

எனினும் சிப்பாயின் சட்டைப் பைக்கு அது ஏறவில்லை. வாய்வழியே உட்கொண்டால் பயன் குறைவு. சிரையில் ஊசி வழியே ஏற்ற வேண்டும். ஏற்றியவுடன் வாந்தி, எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் வீழும். துப்பாக்கி ஏந்தி நடக்க வேண்டியவனைப் படுக்கையில் கிடத்தும் மருந்தினால் தளபதிக்கு என்ன லாபம்? சோவியத் நாட்டார் இத்துணைப் பெரிய பட்டியலைத் தேடிப் போகாமல், பாக்கின் பொருளுக்கு உறவான சிஸ்டமின் மாத்திரைகளைக் குடிமக்கள் பாதுகாப்புக்கான முதலுதவிப் பெட்டியில் வைத்தார்கள்.

இத்தேடலின் நிழலில் நடந்த ஒன்றையும் மறைப்பது முறையாகாது. படைவீரரின் உடல் எவ்வளவு கதிரைத் தாங்கும் என்று அறியும் ஆவலில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, 1960 முதல் 1971 வரை சின்சினாட்டி நகரில் நடந்த ஆராய்ச்சிக்குப் பொருளுதவி செய்தது. அங்கே முற்றிய புற்றுநோயாளிகளின் உடல் முழுவதிலும் கதிர் செலுத்தப்பட்டது. அவர்களுள் பலர் ஏழைகள், கறுப்பின மக்கள். என்ன செய்யப்போகிறார்கள், எதற்காகச் செய்கிறார்கள் என்பது அவர்களுக்கு நேர்மையாகச் சொல்லப்பட்டதா என்ற கேள்வி நெடுங்காலம் எழுப்பப்பட்டு, 1994-இல் அந்நாட்டு அதிபர் அமைத்த விசாரணைக் குழுவின் முன் வந்தது.

ராணுவம் கைவிட்ட மருந்தை மருத்துவமனை எடுத்துக்கொண்டது. புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை செய்யும்போது கட்டியுடன் நல்ல தசையும் வேகும் என்பது நேயர்கள் அறிந்ததே. 1969-இல் யூஹாஸ், ஸ்டோரர் என்னும் இருவர், டபிள்யூ. ஆர். 2721 நல்ல தசைக்குள் விரைந்து புகுவதையும், கட்டிக்குள் அவ்வாறு புகாததையும் எலிகளிடம் கண்டு வெளியிட்டனர். கட்டியில் குருதியோட்டம் குறைவு. குல்லாயைக் கழற்றும் நொதியும் குறைவு. இங்கே மருந்தின் பழைய குற்றங்கள் எல்லாம் பெரும்பாலும் மறைந்துபோகின்றன. கதிர் வரும் மணி சிகிச்சையாளருக்குத் தெரியும். நோயாளி படுக்கையில்தான் இருக்கிறார். ஊசி போடத் தாதி இருக்கிறார். அமிஃபாஸ்டின் என்னும் பெயருடன் அது 1995-இல், சிஸ்பிளாட்டின் மருந்தினால் சிறுநீரகம் கெடாதிருக்க அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1999-இல், தலை, கழுத்துப் பகுதிகளில் கதிர்ச் சிகிச்சை பெறுவோரின் உமிழ்நீர்ச் சுரப்பிகளைக் காக்கவும் அனுமதி கிடைத்தது. நா வறண்டு, ஒரு கவளச் சோற்றை நீரின்றி விழுங்க இயலாத நிலை எத்துணைக் கொடியது என்பதை அத்தகையோரைப் பேணியவர் அறிவர். அணு யுத்தத்துக்கெனச் செய்தது சோற்றுக் கவளத்தை இறக்கப் பயன்பட்டது.

இதுகாறும் சொன்னவை உடலுக்கு வெளியிலிருந்து பாயும் கதிரைப் பற்றியவை. கதிரியக்கப் பொருளே தூசாக, பாலாக, கீரையாக உடலுக்குள் நுழைவது வேறு. அணு உலை வெடித்தால் வெளிப்படும் பொருள்களுள் அயோடின் 131 ஒன்று. எட்டு நாளில் பாதியாகத் தேய்வது அது. நம் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பிக்கு அயோடின் இன்றியமையாத உணவு. நல்லது, கெட்டது என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது. வந்ததை வாங்கி வைத்துக்கொள்ளும். ஆகவே கெட்ட அயோடின் வருமுன் நல்ல அயோடினைக் கொடுத்துச் சுரப்பியை நிரப்பிவிட்டால், பின்னால் வருவது இடமின்றிச் சிறுநீர் வழியே வெளியேறும். பந்தி நிறைந்த பின் வந்தவன் திரும்பிப் போவது போல. முன்காப்பு மருந்துகளுள் இதனைப் போல் எளியதும் மலிவானதும் பயனுறுதி உடையதும் வேறில்லை. வயது வந்தோர்க்குப் பொட்டாசியம் அயோடைடு 130 மில்லிகிராம் ஒரு முறை போதும். கதிர்ப் பொருள் வருவதற்கு முந்திய 24 மணி நேரத்துக்குள்ளோ, வந்த இரண்டு மணிக்குள்ளோ உட்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. எட்டு மணி கடந்தால் பயன் சொற்பம்; ஒரு நாள் கடந்தால் தீமையே விளையக்கூடும். அதுவும் தைராய்டை மட்டுமே காக்கும். மஜ்ஜையை அன்று; குடலை அன்று.

எளிய மருந்தாயினும் வேளையில் கைக்கெட்ட வேண்டுமே! 1979 மார்ச் 28-இல் அமெரிக்காவில் திரீ மைல் தீவு உலை பழுதுற்றபோது அவசரத்துக்கு அயோடைடு மருந்து கையிருப்பில் இல்லை. இரவு பகலாக வேலை செய்து சுமார் 2,37,000 குப்பிகளை நிரப்பி அனுப்பினார்கள். நல்வேளையாக அவை தேவைப்படவில்லை. 1986 ஏப்ரல் 26-இல் சோவியத் உக்ரேனில் செர்னோபில் உலை வெடித்தது. அடுத்திருந்த பிரிபியாத் நகரத்தார்க்கு அயோடின் மாத்திரைகள் கிடைத்தன. ஆனால் செய்தி மறைக்கப்பட்டதால், தொலைவிலிருந்த சிற்றூர்களில் குழந்தைகள் புல் மேய்ந்த பசுவின் பாலை வழக்கம்போல் குடித்து வந்தனர். அண்டை நாடான போலந்தில் 28-ஆம் நாள் விடியற்காலையில் அளவுகருவிகள் காற்றில் கதிர்ப் பொருளைக் காட்டின. மாஸ்கோவிலிருந்து விளக்கம் வரக் காத்திராமல் 29-ஆம் நாளே முடிவெடுத்தார்கள். மாத்திரை செய்ய நேரமில்லை. மருந்துக் கடைகளிலேயே கலக்கத்தக்க லூகால் கரைசல் என்னும் பழுப்புத் திரவத்தை, 1829 முதல் மருத்துவர் அறிந்த பழைய சரக்கை, பள்ளிகளிலும் மருத்துவ நிலையங்களிலும் வாயில் ஊற்றினார்கள். சில நாள்களில் ஏறத்தாழ ஒரு கோடியே ஐந்து லட்சம் குழந்தைகளும் எழுபது லட்சம் பெரியவர்களும் அதைக் குடித்தனர். போலந்துக்கு வந்த கதிரின் அளவு சிறிதாதலால் அத்துணை ஏற்பாடு வேண்டியிருந்ததா என்று பின்னர்ச் சிலர் கேட்டனர். கேட்பது எளிது, 29-ஆம் நாள் காலையில் அவர்களுக்கு அந்த அளவு தெரியாது. பெலாரஸ், உக்ரேன், ரஷ்யாவின் மாசுற்ற பகுதிகளிலோ, அப்போது குழந்தைகளாகவும் இளையோராகவும் இருந்தவர்களுள் 2005-க்குள் 6,000-க்கு மேற்பட்டோர்க்குத் தைராய்டுப் புற்று கண்டது. உலையருகே நின்ற பணியாளருள்ளும் தீயணைப்பவருள்ளும் கதிர்நோய் உற்றோர் 134 பேர். அவ்வாண்டிலேயே அவர்களுள் 28 பேர் மாண்டனர்.

அடுத்த ஆண்டு பிரேசில் நாட்டுக் கோயானியா நகரில் நடந்தது வேறு வகை. கைவிடப்பட்ட மருத்துவமனைக் கட்டடத்திலிருந்து இரும்பென்று எண்ணி இருவர் ஒரு கருவியை எடுத்துச் சென்று உடைத்தனர். உள்ளே சீசியம் 137. இருளில் நீலமாக ஒளிரும் அத்தூளைக் கண்டு மகிழ்ந்து உற்றார் உறவினர்க்கெல்லாம் பங்கிட்டார்கள். 249 பேர் உடலில் அது பட்டது. ஆறு வயதுச் சிறுமி உட்பட நால்வர் இறந்தனர். அப்போது கைகொடுத்தது ஓவியர் பயன்படுத்தும் சாயமாகிய பிரஷ்யன் நீலம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் தற்செயலாகக் கிடைத்த வண்ணம் அது. குடலில் சீசியத்தைப் பற்றிக்கொண்டு மலத்துடன் வெளியேற்றும். 46 பேருக்கு அதைக் கொடுத்தார்கள். இது முன்காப்பன்று, பின்காப்பு. அங்கேதான் மஜ்ஜையைத் தூண்டி வெள்ளணுக்களைப் பெருக்கும் புதிய மருந்தும் முதன்முதலாகக் கதிர்நோயாளிகள் சிலருக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டது. அவ்வகையில் ஃபில்கிராஸ்டிம் என்னும் மருந்து 2015-இல் கதிர்நோய்க்கென்றே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மனிதரைக் கதிரில் நிறுத்திச் சோதிப்பது அறமன்று. எனவே விலங்குச் சோதனையின் முடிவை வைத்தே அனுமதி தரலாம் என்று 2002-இல் அங்கே விதி செய்திருந்தனர். அந்த விதியின் கீழும், கதிர்நோய்க்கு அனுமதி பெற்றவை யாவும் கதிர் பட்ட பின் கொடுப்பவையே. முன்கூட்டி உட்கொண்டு உடல் முழுவதையும் காத்துக்கொள்ளும் மாத்திரை எதற்கும் அந்த அனுமதி கிடைக்கவில்லை.

நம் நாட்டுக் கதை தலைநகர் டில்லியில் தொடங்குகிறது. 1954-இல் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஜப்பானிய மீன்பிடி படகொன்றின் மீது பொழிந்து, அதிலிருந்த 23 பேரும் நோயுற்ற செய்தி உலகை உலுக்கியிருந்தது. பிரதமர் நேருவின் விருப்பப்படி, பாதுகாப்பு அமைச்சகத்தின் அறிவியல் ஆலோசகரான டி. எஸ். கோத்தாரி அணுவெடிப்புகளையும் அவற்றின் விளைவுகளையும் பற்றி ஒரு நூலை ஆக்கினார். செய்தி ஒலிபரப்பு அமைச்சகத்தின் வெளியீட்டுப் பிரிவு 1956-இல் அதை நேருவின் முன்னுரையுடன் வெளியிட்டது. குண்டு இல்லாத நாடொன்று, குண்டு உடைய நாடுகள் வெளிப்படையாகப் பேசத் தயங்கியவற்றைத் தொகுத்துப் பொதுமக்கள் முன் வைத்த செயல் அது. அந்த ஆண்டே பாதுகாப்பு அறிவியல் ஆய்வுக்கூடத்தில் கதிர்வீச்சுக்கென ஒரு சிறு பிரிவு உருவாயிற்று. அதுவே 1961-இல் வளர்ந்து, இன்று திமார்பூரில் உள்ள அணு மருத்துவ நிலையமாயிற்று. அங்கே கந்தகப் பொருள்களை விட்டு மலைச்சாரலின் மூலிகைகளை நாடினார்கள். இமயத்தில் விளையும் போடோஃபில்லம், லடாக்கின் குளிர்ப் பாலையில் முள்ளடர்ந்து வளரும் சீபக்தான் ஆகியவற்றின் சாறுகள் எலிகளைக் காத்தன. கர்நாடகத்தில் மணிபால் நகரிலிருந்து உமா தேவி குழுவினர், துளசி இலைச் சாறு சுண்டெலிகளுக்குக் காப்பளிப்பதை 1995-இல் வெளியிட்டனர். துளசி என்றதும் நம்மவர் காது விரிவதை நாம் அறிவோம். எலிக்குள் அளந்து செலுத்திய சாறு வேறு, மாடத்துத் துளசியைக் கிள்ளி மென்பது வேறு. இம்மூலிகைகள் எவையும் மனிதரின் கதிர்நோய்க்கு மருந்தென நிறுவப்படவில்லை.

டில்லி வாழ் தமிழர்க்கு மாயாபுரி என்னும் பெயர் பழைய இரும்புச் சந்தையாகத் தெரியும். 2010 ஏப்ரலில் அங்கே ஒரு கடையில் வேலை செய்தவர்களின் தோல் கறுத்து, முடி உதிர்ந்தது. மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்த பிறகே கதிர்நோய் என்று தெரிந்தது. ஒரு கல்விக்கூடத்தின் ஆய்வகத்தில் நெடுநாள் பயனின்றிக் கிடந்து, ஏலத்தில் பழைய இரும்போடு விலைபோன கருவி ஒன்றை அவர்கள் பிரித்திருந்தார்கள். உள்ளிருந்தது கோபால்ட் 60. உழைப்பாளி ஒருவர் அம்மாத இறுதியில் உயிர் நீத்தார். ஹார்வி பாட்டின் சிஸ்டீனோ, நாலாயிரத்தில் தேர்ந்த டபிள்யூ. ஆர். 2721-ஓ, பிரிபியாத்தின் அயோடினோ அவருக்கு உதவியிருக்காது. கோபால்ட்டுக்கு அயோடின் மருந்தன்று. மற்றவையோ முன்னால் கொடுக்க வேண்டியவை; முன்னால் என்பது எப்போது என்று அங்கே எவரும் அறிந்திலர்.

கதிரியக்கத்தைக் குறிக்கும் மஞ்சள் நிற மூவிதழ்ச் சின்னம் படித்தவர்க்கே விளங்குவதில்லை. விசிறி என்று நினைப்போர் உண்டு. சர்வதேச அணுசக்தி முகமை இந்தியா உட்படப் பதினொரு நாடுகளில் மக்களிடம் படங்களைக் காட்டிக் கேட்டு, 2007-இல் புதிய சின்னம் ஒன்றை வெளியிட்டது. சிவப்பு முக்கோணம். மேலே கதிர் வீசும் மூவிதழ். கீழே ஒரு மண்டையோடு. அதன் பக்கத்தில் அம்புக்குறி காட்டும் திசையில் ஓடும் ஒரு மனிதன். கருவியின் வெளிப்புறத்தில் அன்று, பிரிக்க முயல்பவன் கண்ணில் படும்படி உள்மூடியின் மேல் இதைப் பதிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மாயாபுரிக்கு வந்த கருவி அதற்கு மிக முற்பட்ட காலத்தது.